மெய்யும் நிகரும்: பரிவு எந்திரம் பற்றிச் சில சந்தேகங்கள்

'வர்ச்சுவல் ரியாலிட்டி' என்பதைத் தமிழில் 'மெய்நிகர்' என்று ஆக்கியிருக்கிறார்கள். யார் ஆக்கினார்களோ, கெட்டிக்காரர்கள். மெய் என்றால் உண்மை, மெய் என்றால் உடம்பும்தான். இந்தக் கருவியைத் தலையில் மாட்டிக்கொள்கிறவருக்கு உண்மைக்கு நிகராக ஏதோ ஒன்று கிடைக்கலாம். உடம்புக்கு நிகராக எதுவும் கிடைப்பதில்லை என்பது என் கட்சி. இது ஏதோ பணக்கார நாட்டுப் பொம்மை, நமக்கென்ன என்று தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். ஒடுக்கப்பட்டவர்களின் வாழ்க்கையைக் காட்டுவதற்கென்றே இந்தக் கருவி புகழப்படுகிறபோது நாம் பேசாமல் இருக்க முடியாது.

2015இல் கிறிஸ் மில்க் என்ற அமெரிக்க இயக்குநர் ஒரு மேடையில் இதைப் பரிவை உண்டாக்கும் எந்திரம் என்று புகழ்ந்தார். அவரும் கபோ அரோராவும் ஐ.நா.வுக்காக எடுத்த படம் 'கிளவுட்ஸ் ஓவர் சிட்ரா'. ஜோர்டானில் ஸாத்தரி அகதி முகாமில் இருக்கும் பன்னிரண்டு வயது சிரியச் சிறுமி தன் அறையை, பள்ளிக்கூடத்தை, முகாம் தெருக்களைக் காட்டிப் பேசுகிறாள். எட்டரை நிமிஷம். அதே 2015 ஜனவரியில் தாவோஸ் பொருளாதார மாநாட்டுக்கு வந்த பெரிய மனிதர்களின் தலையில் இதை மாட்டிவிட்டார்கள். குனிந்து பார்த்தால் அவள் உட்கார்ந்திருக்கும் அதே தரையில் நீங்களும் உட்கார்ந்திருக்கிறீர்கள், அதனால் அவளுடைய மனிதத்தன்மையை ஆழமாக உணர்கிறீர்கள் என்பது மில்க்கின் வாதம்.

எனக்குச் சமபந்தி போஜனம் ஞாபகம் வந்தது. ஒரே வரிசை, ஒரே இலை, ஒரே சாம்பார். சாப்பிட்டுக் கை கழுவினதும் அவரவர் தெரு அவரவருக்கு.

படத்தில் குனிந்து பார்த்தால் தரை தெரிகிறது, சரி. பார்க்கிறவரின் கால் தெரிகிறதா? தெரியாது. மடி, கை எதுவும் கிடையாது. பார்வை மட்டும் நடுவில் மிதக்கிறது. உடம்பில்லாமல் எங்கேயும் நுழையலாம், எல்லாவற்றையும் பார்க்கலாம், தன்னை ஒருத்தரும் பார்க்க முடியாது என்பது யாருடைய கனவு? ஊருக்குள் நுழைந்ததும் 'நீ எந்தத் தெரு?' என்று கேட்கப்படாதவர்களின் கனவு. பத்திரிகையாளராக, ஆய்வாளராக, இலக்கியவாதியாகச் சேரிக்குள் வருகிற மேல்சாதிக்காரருக்கு உடம்பு ஒரு பிரச்சினையே இல்லை. நமக்கு அப்படியா? நம்ம ஜனங்களுக்குக் கண்ணில் படாமல் இருப்பது சலுகையாகக் கிடைத்ததே இல்லை, தண்டனையாகத்தான் விதித்தார்கள். திருநெல்வேலிப் பக்கம் புதிரை வண்ணார்கள் பகலில் கண்ணில் படக்கூடாது, இரவில்தான் நடமாட வேண்டும் என்றிருந்ததை 1932இல் வந்த பத்திரிகைச் செய்தியிலிருந்து அம்பேத்கர் எடுத்துக் காட்டியிருக்கிறார்.

'அனுபவம்' என்கிற சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். தலித் அல்லாதவர் தலித் இலக்கியம் எழுதலாமா என்று தொண்ணூறுகளில் நாம் அடித்துக்கொண்டோமே, அந்தச் சண்டையைக் கோபால் குருவும் சுந்தர் சருக்கையும் பின்னால் தத்துவத் தளத்தில் நடத்தினார்கள். 2012இல் அது புத்தகமாகவும் வந்தது. அதில் சருக்கை சொல்வதன் சாரம் எனக்கு முக்கியம். ஒருவர் படுகிற பாட்டை இன்னொருவரும் கொஞ்ச நேரம் படுவதால் அது வாழ்ந்த அனுபவமாகிவிடாது, அதிலிருந்து வெளியேறும் சுதந்திரம் இல்லாமல் இருப்பதுதான் வாழ்ந்த அனுபவம். இந்தக் கருவியில் வெளியேறும் சுதந்திரம் கைக்கெட்டும் தூரத்தில், காதோரத்துப் பட்டையில் இருக்கிறது. கழற்றினால் ஏசி ரூம்.

இந்த வகையில் மிகவும் கொண்டாடப்பட்டது அலெஹாந்த்ரோ இன்யாரிட்டுவின் 'கார்னே ஒய் அரேனா'. மாமிசமும் மணலும் என்று பொருள். 2017இல் கான் விழாவில் வந்தது, அந்த வருஷமே ஆஸ்கர் அகாடமி சிறப்பு விருதும் கொடுத்தது. ஒரு தடவைக்கு ஒருத்தர்தான் உள்ளே போகலாம் என்பதால் நம்மை மாதிரி ஆட்களுக்கு அது எட்டவில்லை. பார்த்தவர்கள் எழுதியதை வைத்தே பேசுகிறேன். முதலில் ஒரு குளிரான அறை. எல்லையில் பிடிபட்டவர்களை அமெரிக்கக் காவல் அடைத்து வைக்கும் அறையின் நகல். பாலைவனத்தில் விட்டுப்போன செருப்புகளும் ஷூக்களும் அங்கே கிடக்கின்றன. பார்வையாளரும் தன் செருப்பைக் கழற்ற வேண்டும். பிறகு வெறுங்காலோடு மணலில் நிற்க, கருவிக்குள் மெக்சிகோ எல்லையைத் தாண்டி வருகிறவர்கள் அவரைச் சுற்றி நடக்கிறார்கள், ஹெலிகாப்டர் வருகிறது, துப்பாக்கி நீள்கிறது. சுமார் ஆறரை நிமிஷம்.

செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஊர்த்தெருவைக் கடந்தவர்கள் வீட்டில் பிறந்தவனுக்கு இது எப்படித் தெரியும்? அங்கே கழற்றியவர் கடைசியில் அதே செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு போகிறார். இருந்தாலும் ஒன்றை மறுக்க முடியாது. அதில் வருகிறவர்கள் நிஜமாகவே எல்லை தாண்டியவர்கள், தங்கள் சொந்தக் கதையைத் தாங்களே நடித்துக் காட்டியவர்கள். கடைசி அறையில் அவர்களுடைய முகமும் சொற்களும் இருக்கின்றன. என்னைக் கேட்டால் அந்தச் செருப்பும் அந்த முகங்களுமே போதும். அந்த இரண்டுக்கும் தலைக்கருவி தேவையில்லை!

கருவியின் வரலாற்றையும் கொஞ்சம் கிண்டிப் பார்க்கணும். 2012இல் நானி டி லா பெஞா 'ஹங்கர் இன் லாஸ் ஏஞ்சல்ஸ்' என்ற படைப்பை சண்டான்ஸ் விழாவில் காட்டினார். இலவச உணவுக்கு வரிசையில் நின்ற சர்க்கரை நோயாளி ஒருவர் சுருண்டு விழுகிறார். ஒலி நிஜத்தில் பதிவானது, உருவம் கணினி வரைந்தது. பார்த்தவர்கள் இல்லாத அந்த மனிதருக்கு உதவக் குனிந்தார்கள், அழுதார்கள். அந்தத் தலைக்கருவி வேலையில் இருந்த இளைஞர் பால்மர் லக்கி. அவர் தொடங்கிய ஆக்குலஸ் கம்பெனியை 2014இல் பேஸ்புக் 200 கோடி டாலருக்கு வாங்க ஒத்துக்கொண்டது. அங்கிருந்து வெளியேறி 2017இல் அவரும் கூட்டாளிகளும் தொடங்கியது ஆண்டுரில் என்ற ஆயுதக் கம்பெனி. அமெரிக்க-மெக்சிகோ எல்லையில் ஆள் நடமாட்டத்தைத் தானாகவே கண்டுபிடிக்கும் காவல் கோபுரங்கள் அவர்களுடைய சரக்கு. இன்யாரிட்டுவின் மணலில் நிற்கிறவரை யாரும் பார்க்க முடியாது. நிஜ மணலில் நடக்கிறவரின் உடம்பைக் கோபுரம் பார்த்துவிடும். 2025இல் இந்த ஆண்டுரிலும் மெட்டா என்று பேர் மாற்றிக்கொண்ட அதே பேஸ்புக்கும் சேர்ந்து ராணுவத்துக்குத் தலைக்கருவி செய்யப்போவதாக அறிவித்தார்கள். பரிவு எந்திரம் எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது, பாருங்க.

அப்போ இந்த வடிவத்தையே தூக்கிப் போட்டுடலாமா? அப்படியும் சொல்ல மாட்டேன். காரணம் ரோஜர் ராஸ் வில்லியம்ஸ் 2019இல் எடுத்த 'டிராவலிங் வைல் பிளாக்'. கறுப்பர்கள் பயணம் போகும்போது எங்கே தங்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று விக்டர் ஹியூகோ கிரீன் 1936 முதல் அச்சடித்த வழிகாட்டிப் புத்தகத்திலிருந்து படம் கிளம்புகிறது. (நம்ம ஆட்களுக்கு எந்த ஊர் டீக்கடையில் பெஞ்சில் உட்காரலாம், எங்கே தனிக் கிளாஸ் என்பதை யாரும் அச்சடித்ததில்லை. வாய்வழியாகவே தெரிந்து வைத்திருந்தோம்.) இடம் வாஷிங்டனில் கறுப்பர்கள் 1958 முதல் கூடிவரும் ஒரு சாப்பாட்டுக் கடை. நண்பர் ஒருவரிடம் கருவி வாங்கிப் பார்த்தேன். மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார வைக்கிறார்கள், எதிரே இருக்கிறவர்கள் பேசுகிறார்கள். நம்மைக் கறுப்பராக மாற்றுகிற வித்தை ஏதும் கிடையாது. 'என் உடம்புக்குள் வந்து பார்' என்று யாரும் அழைப்பதும் இல்லை.

பிறகு சமாரியா ரைஸ் பேசுகிறார். 2014 நவம்பரில் கிளீவ்லண்டில் பொம்மைத் துப்பாக்கி வைத்திருந்த பன்னிரண்டு வயது தமீர் ரைஸைப் போலீஸ் சுட்டுக் கொன்றதே, அந்தப் பையனின் அம்மா. சினிமாவில் என்றால் கேமரா வேறு பக்கம் வெட்டிக் காட்டும், நமக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். இங்கே நாமேதான் தலையைத் திருப்ப வேண்டும். நான் ஒரு தடவை திருப்பினேன். அந்தக் கடையில் மற்றவர்கள் அந்தம்மா பேசுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மறுபடி திரும்பிக்கொண்டேன். இந்த வடிவத்தால் சாதிக்க முடிந்தது இதுதான் என்று நினைக்கிறேன்: எதிரே உட்கார வைத்துக் கேட்க வைப்பது.

நம்மைத் தேடியும் ஒருத்தர் வரத்தான் போகிறார். 'மலக்குழிக்குள் ஐந்து நிமிஷம்' என்று ஏதாவது தலைப்பு கையில் இருக்கும், நல்ல மனசும் இருக்கும். அந்தக் குழியில் ஆளைக் கொல்கிற விஷவாயுவுக்கு நாற்றமும் நிறமும் எல்லா நேரமும் இருக்காது, கருவியில் அது வராது என்று சொல்லிப் பார்க்கலாம். எடுத்த படம் யாருக்குச் சொந்தம், பேசியவர் நாளைக்கு வேண்டாம் என்றால் அழிப்பீர்களா என்றும் கேட்க வேண்டும். சுற்றிலும் பார்க்கும் அந்தக் கேமராவுக்குச் சட்டகம் கிடையாது. வாசலில் குளிக்கிற பெண்ணும் விளையாடுகிற பிள்ளையும் கேட்காமலே உள்ளே வந்துவிடுவார்கள். படம் எடுக்கிறவர் மட்டும் அதில் விழக்கூடாது என்பதால், கேமராவை நட்டு வைத்துவிட்டு எங்கேயாவது போய் மறைந்துகொள்ள வேண்டும். எங்கள் தெருவில் நட்டால் எந்த வீட்டுக்குள் போய் மறைவார்? உள்ளே உட்கார்ந்திருக்கிற நேரத்தில் தண்ணி கொடுத்தால் வாங்கிக் குடிப்பாரா?