நடைபாதையும் அங்காடியும்: பாண்டி பஜார் தெரு வடிவமைப்பு குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

சென்னைத் தியாகராய நகரின் பாண்டி பஜாரில் 2019-இல் திறக்கப்பட்ட நடைபாதை வளாகம், தமிழகத் தெரு வடிவமைப்பில் ஒரு திருப்பமாகக் கருதப்படுகிறது. அது நடப்பவருக்கு மீட்டுத் தந்த இடத்தின் மதிப்பை ஏற்கும் இக்கட்டுரை, அவ்வடிவமைப்பு யாரைப் பாதசாரி எனக் கொண்டது என்னும் வினாவை எழுப்புகிறது. நின்று விற்பவரை விலக்கிவிட்டு அங்காடித் தெருவை வடிவமைக்க இயலாது என்பதும், அம்மாதிரியைத் தாம்பரம் போன்ற புறநகர்ச் சந்தைகளில் அப்படியே பதியமிடுதல் பொருந்தாது என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: பாண்டி பஜார், நடைபாதை, தெருவோர வணிகர், அங்காடி, தாம்பரம், சண்முகம் சாலை.

முன்னுரை

தமிழிலக்கியம் காட்டும் நகரங்களில் தெருவும் அங்காடியும் பிரிந்து நிற்பதில்லை. மதுரைக்காஞ்சி பகற்பொழுதுக்குரிய நாளங்காடியையும் இரவுக்குரிய அல்லங்காடியையும் தனித்தனியே விவரிக்கிறது. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை, புகாரின் நாளங்காடியை மருவூர்ப்பாக்கத்திற்கும் பட்டினப்பாக்கத்திற்கும் இடைப்பட்ட மரச்சோலையில் வைக்கிறது. அக்காதையில் நகர வீதி அறிமுகமாவதே சுண்ணமும் சாந்தும் பூவும் விற்றுத் திரிவோரின் வழியாகத்தான். இவை கவிஞரின் புனைவு நகரங்கள். நகரமைப்பு ஆவணங்கள் அல்ல. எனினும், விற்பவரைத் தெருவின் இடையூறாகக் காணாமல் தெருவின் இலக்கணமாகக் கண்ட ஒரு பார்வை அவற்றில் பதிவாகியுள்ளது. இன்றைய தெரு வடிவமைப்பு இப்பார்வையிலிருந்து எவ்வளவு விலகியுள்ளது என்பதைப் பாண்டி பஜாரை முன்வைத்துக் காணலாம்.

பாண்டி பஜார்: மாற்றத்தின் பின்னணி

தியாகராய நகர் 1920-களில், நீதிக்கட்சி ஆட்சிக் காலத்தில், மாம்பலம் ஏரியை ஒட்டிய பகுதியில் குடியிருப்பாகத் திட்டமிடப்பட்டது. பனகல் பூங்காவை நடுவாகக் கொண்டு சாலைகள் விரியும் அத்திட்டம் இத்தகைய பெருவணிகத்தை எதிர்நோக்கியதன்று. பின்னர் வணிகம் பெருகியபோது, தியாகராயா சாலையின் ஓரங்கள் கடைமுகப்புக்கும் நிறுத்திய வண்டிகளுக்கும் தெருவோர வணிகருக்கும் உரியவையாயின. நடப்பவர் வண்டியோடும் சாலைக்குத் தள்ளப்பட்டார்.

2014-இல் சென்னை மாநகராட்சி மோட்டார் அல்லாப் போக்குவரத்துக் கொள்கையை ஏற்றது. போக்குவரத்துக்கான நிதியில் குறைந்தது 60 விழுக்காட்டை நடப்பவருக்கும் மிதிவண்டிக்கும் ஒதுக்க வேண்டும் என்னும் அக்கொள்கை இந்திய நகரங்களில் முன்னோடியானது. அதன் தொடர்ச்சியாக, சீர்மிகு நகரத் திட்டத்தின் கீழ், ஏறத்தாழ 40 கோடி ரூபாய்ச் செலவில் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் அமைந்தது. வண்டியோடும் பரப்பு சுருங்க, நடைபாதை விரிந்தது, நிழல்மரங்கள் காக்கப்பட்டன, இருக்கைகள் இடம்பெற்றன. முதியோரும் குழந்தைகளும் வாங்குதற்கன்றி இருத்தற்காகவும் வரத்தக்க இடமாகக் கடைத்தெரு மாறியது. இச்சாதனையைக் குறைத்து மதிப்பிடுதல் நேர்மையாகாது.

வடிவமைப்பு கருதும் பாதசாரி

ஆயினும், அங்காடித் தெருவில் நடப்பவர் ஒரே வகையினர் அல்லர். கடைக்கு வருபவர், தொடர்வண்டி நிலையத்திற்கு விரைபவர், கடைகளில் பணிபுரிபவர், தலைச்சுமை தூக்குபவர், கூடையுடன் நின்று விற்பவர் என அவர்கள் பலதிறத்தர். பாண்டி பஜாரின் வடிவமைப்பு இவர்களுள் முதலாமவரையே நடுவில் வைத்துள்ளது. இத்தெருவின் நடைபாதை வணிகர்கள் வளாகம் அமைவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, 2013-இல், அவர்களுக்கெனக் கட்டப்பட்ட மாடிக் கட்டடத்திற்கு மாற்றப்பட்டனர். ஆகவே புதிய வடிவமைப்பு தொடங்கும்போது, விற்பவர் தெருவின் கணக்கிலிருந்து கழிக்கப்பட்டிருந்தார்.

தெருவோர வணிகத்தின் இயங்குமுறையை நோக்கினால் இதன் விளைவு புலப்படும். முழம் பூவையோ ஒரு சோடி வளையலையோ வாங்க எவரும் திட்டமிட்டுப் புறப்படுவதில்லை. நடக்கையில் கண்ணில்பட்டு, நின்று, பேரம்பேசி வாங்குகின்றனர். பார்வை எட்டும் தொலைவும் கால் நிற்கும் நொடியுமே அவ்வணிகத்தின் முதல். மாடிப்படி இவ்விரண்டையும் அறுக்கிறது. வளாகம் திறந்த பின்னரும் வணிகர்கள் தெருவுக்கு மீள்வதும் அகற்றப்படுவதும் தொடர்வதைச் சட்டமீறலாக மட்டும் விளங்கிக்கொள்ளுதல் போதாது. வடிவமைப்பு விடையளிக்காத ஒரு தேவையின் வெளிப்பாடு அது.

வணிகர் நிறைந்தால் நடப்பவருக்கு இடமிராது என்னும் எதிர்வாதம் வலுவானது. வளாகத்திற்கு முந்தைய பாண்டி பஜாரே அதற்குச் சான்று. ஆனால் இங்கு இடப்பங்கீட்டையும் கணக்கிட வேண்டும். இந்தியச் சாலைப் பேராயத்தின் 2012-ஆம் ஆண்டு வழிகாட்டுநெறி, தடையற்று நடப்பதற்குக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்கிறது. கடைத்தெருவில் இதனினும் மிகுதியாக வேண்டும். பாண்டி பஜாரில் அமைந்த நடைபாதை இவ்வளவையும் விஞ்சியது. இருக்கைக்கும் செடிக்கும் வரிசை ஒதுக்க முடிந்த தெருவில், வணிகருக்கு ஒரு வரிசை ஒதுக்க இயலாமற் போனதற்கு அகலக்குறைவு காரணமன்று. மேலும், அதே தெருவில், வளாகத்திற்கு ஆன அளவு தொகையிலேயே 200-க்கும் மேற்பட்ட மகிழுந்துகளுக்கும் 500-க்கும் மேற்பட்ட இருசக்கர வண்டிகளுக்குமான பல அடுக்கு நிறுத்தகம் எழுந்தது. தெருவில் நின்ற வண்டிக்கு மாற்றிடம் தந்ததில் தவறில்லை. வண்டியை மேலேற்றினால் அதன் பயன் குறைவதில்லை. வணிகரை மேலேற்றினால் பிழைப்பே குறைகிறது. இவ்வேறுபாட்டை வடிவமைப்பு கருதவில்லை.

அமெரிக்க நகரியல் எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ் 1961-இல் வெளியிட்ட நூலில், தெருவின் பாதுகாப்பு அதனை இயல்பாகக் கவனித்துக்கொண்டிருக்கும் மக்களாலேயே அமைகிறது என வாதிட்டார். நாள்முழுதும் ஓரிடத்தில் அமர்ந்திருக்கும் பூக்காரப் பெண்மணி அத்தகைய காவலர்களுள் ஒருவர். அவரை நீக்கிய தெரு ஒரு வணிகரோடு ஒரு காவலரையும் இழக்கிறது.

சட்டமும் நடைமுறையும்

தெருவோர வணிகர் (வாழ்வாதாரப் பாதுகாப்பு மற்றும் தெருவோர வணிக ஒழுங்குமுறை) சட்டம், 2014, வாங்குவோரும் விற்போரும் மரபாகக் கூடும் இடங்களை இயல்புச் சந்தைகளாக ஏற்கிறது. நகர வணிகக் குழுவில் 40 விழுக்காட்டுக்குக் குறையாத இடத்தை வணிகர் பிரதிநிதிகளுக்கும், அவ்விடங்களுள் மூன்றில் ஒன்றைப் பெண்களுக்கும் வழங்குகிறது. கணக்கெடுப்பு முடியும்வரை வெளியேற்றுதல் கூடாதென்கிறது. மோட்டார் அல்லாப் போக்குவரத்துக் கொள்கையும் இச்சட்டமும் ஒரே ஆண்டில் தோன்றியவை. எனினும் தெருவின் வரைபடத்தில் முன்னது கோடாயிற்று. பின்னது காகிதத்திலேயே தங்கிற்று.

தாம்பரத்திற்கான படிப்பினை

2021-இல் உருவான தாம்பரம் மாநகராட்சிக்கு இவ்வினா உடனடியானது. ராஜகீழ்ப்பாக்கம், சேலையூர், செம்பாக்கம் முதலிய கிழக்குப் பகுதியினர், வேளச்சேரி சாலை வழியாக வந்து, தொடர்வண்டிப் பாதையைக் கடந்து மேற்குத் தாம்பரச் சந்தையை அடைகின்றனர். அங்கே ஜி.எஸ்.டி. சாலையை அடுத்த சண்முகம் சாலையில் காய், கனி, பூ வணிகம் தெருவிலேயே நிகழ்கிறது. பாண்டி பஜாரில் பெருங்கடைகள் தெருவுக்கு மக்களை ஈர்க்கின்றன. தெருவோர வணிகர் அக்கூட்டத்தைப் பயன்கொள்கின்றனர். சண்முகம் சாலையிலோ மக்களை ஈர்ப்பதில் தெருவோர வணிகருக்குப் பெரும்பங்குண்டு. பணிமுடிந்து நிலையத்திலிருந்து வெளிவருபவர் அன்றைய சமையலுக்கு வேண்டியதைக் கையோடு வாங்கிச் செல்லும் தெரு அது. எனவே வணிகரை அகற்றி நடைபாதை விரித்தால், அங்கு நடப்பதற்கான காரணங்களுள் தலையாயது மறையும்.

மாறாக, இடத்தையும் காலத்தையும் ஒருங்கே பங்கிடும் வடிவமைப்பு அங்குப் பொருந்தும். தடையற்ற நடைவரிசை ஒன்று, அதனையொட்டி அளவிட்டுக் குறித்த வணிகர் வரிசை ஒன்று, சரக்கு இறக்கத் தனிப்பொழுது, மாலை நெரிசல் நேரத்தில் வண்டிகளுக்குத் தடை என்பன அதன் கூறுகளாகலாம். நாளங்காடி, அல்லங்காடி என்னும் பழம்பகுப்பு அங்காடிக்கு இடத்தோடு பொழுதும் உண்டென்பதை உணர்த்துகிறது. குடிநீர், கழிப்பறை, குப்பை அகற்றல் ஆகியவற்றையும் வணிகர் வரிசையோடு சேர்த்தே திட்டமிட வேண்டும்.

முடிவுரை

பாண்டி பஜார் வளாகம், தெரு வண்டிகளுக்கே உரியது என்னும் நெடுநாள் எண்ணத்தை உடைத்தது. அவ்வகையில் அது வெற்றி. ஆனால் நடப்பதை விற்றலிலிருந்து பிரித்தெடுத்து, நடைபாதையை நுகர்வோரின் உலாவிடமாகச் சுருக்கியது அதன் குறை. அகலமான நடைபாதையின் தரத்தை அதில் தடையின்றிச் செல்பவரைக் கொண்டு அளப்பது போல, அதில் உரிமையோடு நிற்பவரைக் கொண்டும் அளக்க வேண்டும். சண்முகம் சாலை போன்ற தெருக்களுக்கு வரைபடம் தீட்டுமுன் வணிகர் கணக்கெடுப்பை முடித்து, அவர்தம் பிரதிநிதிகளை வடிவமைப்பின் தொடக்கத்திலேயே அமர்த்துதல் இதற்கான முதற்படியாகும்.