கெட்ட நாய், நல்ல நாய், நாய்

1987 ஜூலையில் அமெரிக்காவின் 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' இதழ் ஒரு பிட்புல்லை அட்டையில் போட்டது. வாயைப் பிளந்து பல்லைக் காட்டும் நாய். இதனிடம் ஜாக்கிரதை என்ற எச்சரிக்கையோடு. 2008 டிசம்பரில் அதே இதழின் அட்டையில் இன்னொரு பிட்புல். நாய்ச்சண்டைக் கூடத்திலிருந்து மீட்கப்பட்ட பெட்டை. இந்த முறை நம் இரக்கத்தைக் கேட்டது. இருபத்தோரு வருடத்தில் ஓர் இனத்தின் ரத்தம் மாறிவிடாது. மாறியது அதைப் பற்றிச் சொல்லப்பட்ட கதைதான். அந்தக் கதை எப்படி மாறியது என்று தெரிந்துகொள்ள மூன்று புத்தகங்களை வாசித்தேன்: விக்கி ஹெர்னின் 'பேண்டிட்' (1991), ஜிம் கோரன்ட்டின் 'தி லாஸ்ட் டாக்ஸ்' (2010), பிரான்வென் டிக்கியின் 'பிட் புல்' (2016).

வரலாறு வேண்டுமென்றால் டிக்கியிடம் போகலாம். இங்கிலாந்தில் காளையைக் கட்டிப்போட்டு நாய்களை ஏவிவிடும் விளையாட்டை 1835இல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். காளையை ஒளித்துவைக்க முடியாது; இரண்டு நாய்களை ஒளித்துவைக்கலாம். சூதாட்டம் நாய்ச்சண்டைக்கு நகர்ந்தது. புல்டாக்கின் பலமும் டெரியரின் துடிப்பும் கலந்த நாய்கள் அந்தச் சண்டைக் குழிகளுக்காக வளர்க்கப்பட்டன. 'பிட்' என்பது அந்தக் குழிதான். குடியேறிகளோடு அவை அமெரிக்கா போயின. 1898இல் 'யுனைடெட் கென்னல் கிளப்' இந்த நாயை இனமாகப் பதிவு செய்தது. கௌரவம் பார்த்த 'அமெரிக்கன் கென்னல் கிளப்' 1936 வரை காத்திருந்து, 'ஸ்டாஃபர்ட்ஷயர் டெரியர்' என்று வேறு பெயர் வைத்துத்தான் உள்ளே விட்டது. நாய் அதேதான், பெயர் மட்டும் குளித்துவிட்டு வந்தது.

அந்தக் காலத்து அமெரிக்கர்களுக்கு இந்த நாய் பயங்கரமானதாகத் தெரியவில்லை என்பதுதான் ஆச்சரியம். முதல் உலகப்போர்ச் சுவரொட்டிகளில் நாட்டின் துணிச்சலுக்கு அடையாளமாக நின்றது இந்த வகை நாய். 'அவர் கேங்' சிறுவர் படங்களில் ஒரு கண்ணைச் சுற்றி வட்டம் போட்ட பீட் அவர்களோடு சேர்ந்து சேட்டை செய்தது. 1970களில் நாய்ச்சண்டைக்கு எதிரான பிரச்சாரம் எழுந்தபோது பத்திரிகைகள் இந்த நாயின் மூர்க்கத்தை விரிவாக வர்ணித்தன. அதைப் படித்த முரடர்கள் 'எனக்கும் ஒன்று வேண்டும்' என்று கிளம்பினார்கள். 80களில் போதைப்பொருள் கும்பல், கறுப்பின இளைஞன், பிட்புல் மூன்றும் ஒரே சட்டகத்துக்குள் வந்தன. 1989இல் டென்வரும் மயாமி-டேடும் தடை விதித்தன. 1991இல் பிரிட்டன்.

டிக்கியின் பலம் அவர் திரும்பத் திரும்பக் கேட்கும் ஒரு சாதாரணக் கேள்வி: எந்த நாய்? 'பிட்புல்' என்ற சொல்லுக்குள் குறைந்தது மூன்று நான்கு இனங்கள் இருக்கின்றன. அதோடு பெரிய தலை, குட்டை முடி உள்ள அத்தனை கலப்பு நாய்களும். காப்பகங்களில் பார்வையை மட்டும் வைத்து எழுதப்படும் இனம் பல நேரம் மரபணுச் சோதனையோடு பொருந்துவதில்லை. அப்படியென்றால் 'பிட்புல் கடித்தது' என்ற செய்தியில் 'கடித்தது' உறுதி, 'பிட்புல்' சந்தேகம். தாடை பூட்டிக்கொள்ளும் என்கிறார்களே, அப்படி ஒரு பூட்டு எந்த நாய்க்கும் கிடையாது. டிக்கியின் நூலுக்குப் பிறகு, 2022இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வு 18,000க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றிய தகவல்களை வைத்து, தனித்தனி நாய்களின் நடத்தை வேறுபாட்டில் சுமார் 9 விழுக்காட்டைத்தான் இனம் விளக்குகிறது என்றது. 9 என்பது பூஜ்யம் இல்லை. ஆனால் அதை மட்டும் வைத்து ஒரு நாயின் தலையெழுத்தை எழுத முடியாது.

ஆனால் டிக்கியோடு எனக்கு ஒரு பிணக்கு உண்டு. நாயின் மேல் விழுந்த பயத்துக்கும் கறுப்பர்கள் மேல் விழுந்த பயத்துக்கும் உள்ள தொடர்பை அவர் ஆதாரத்தோடு காட்டுகிறார். அது உண்மை. ஆனால் அந்த ஒப்பீட்டைப் படித்தவர்கள் அதை எப்படி எடுத்துப் போகிறார்கள்? 'நாய்க்கும் இனவாதமா' என்ற கோஷமாக. மனிதர்கள் பட்ட அடியை நாய்க்காகக் கடன் வாங்கும்போது, அடிபட்ட மனிதர் அங்கே வெறும் உவமையாகிவிடுகிறார். கடிபட்டவர்களுக்கும் இந்த நூலில் இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம். முகம் கிழிந்த குழந்தையின் அம்மாவிடம் போய் வகைப்படுத்தலின் சிக்கல்களைப் பேச முடியுமா? பலமான நாய் கடித்தால் காயம் பெரிது. அதைச் சொல்லிவிட்டு மற்றதைப் பேசுவதுதான் நேர்மை.

பிட்புல்லை நேசிப்பவர்களின் கதைகளும் லேசுப்பட்டவை அல்ல. ஒரு காலத்தில் இது 'ஆயா நாய்', குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளத்தான் வளர்த்தார்கள் என்று ஒரு கதை இணையத்தில் சுற்றுகிறது. வரலாற்றில் அதற்கு ஆதாரமில்லை. அதை நம்பி யாராவது குழந்தையை நாயோடு தனியாக விட்டால் என்ன ஆகும்? அடுத்த கோஷம், 'எல்லாம் வளர்ப்பில்தான் இருக்கு'. கேட்க நல்லாத்தான் இருக்கு. இதை உடைப்பது கோரன்ட்டின் புத்தகம்.

2007இல் அமெரிக்கக் கால்பந்து நட்சத்திரம் மைக்கேல் விக்கின் வர்ஜீனியா பண்ணையிலிருந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட பிட்புல்கள் கைப்பற்றப்பட்டன. தோற்ற நாய்களை அங்கே கொன்றிருந்தார்கள். மீதி நாய்களையும் கருணைக்கொலை செய்வதே சரி என்று பெரிய விலங்குநல அமைப்புகளே சொன்னன. நீதிமன்றம் ஒவ்வொரு நாயையும் தனியாகச் சோதிக்கச் சொன்னது. 47 நாய்கள் காப்பகங்களுக்கும் வீடுகளுக்கும் போயின. சில கடைசிவரை பயந்தே வாழ்ந்தன. ஒன்று நூலகத்தில் குழந்தைகள் சத்தமாக வாசிக்க, பக்கத்தில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தது. எல்லாம் வளர்ப்புதான் என்றால் இந்த நாய்களில் ஒன்றுகூடப் பிழைத்திருக்கக் கூடாது. அந்தக் கோஷத்துக்குள் ஒரு கொடுமையும் இருக்கிறது: மோசமாக வளர்க்கப்பட்டதை இனி திருத்த முடியாது என்ற தீர்ப்பு. இவ்வளவு நல்ல பொருளைக் கையில் வைத்துக்கொண்டு, கோரன்ட் நாயின் மனசுக்குள் புகுந்து எழுத முயலும் பகுதிகளில் எழுத்து ஈரமாகி வழிகிறது. வழக்கு ஆவணங்களே போதுமாக இருந்தன.

மூவரில் ஹெர்னைத்தான் எனக்குப் பிடித்தது. கவிஞர், நாய்ப் பயிற்சியாளர். கனெக்டிகட் மாநிலம் கொல்ல உத்தரவிட்ட பேண்டிட் என்ற நாய்க்காகச் சண்டை போட்டவர். புத்தகம் சுலபமில்லை, திடீரென்று தத்துவத்துக்குள் போகும், அடுத்த பக்கத்தில் யாரையாவது திட்டும். ஆனால் பேண்டிட் கடிக்கவே கடிக்காது, பாவம் என்று அவர் கெஞ்சுவதில்லை. அது கடித்திருக்கிறது. அவரைப் பொறுத்தவரை பயிற்சி என்பது நாயும் மனிதனும் சேர்ந்து கற்கும் மொழி. குணம் அந்த உறவுக்குள்தான் தெரியும். அவர் நாயிடம் பொறுப்பை எதிர்பார்க்கிறார். அதனாலேயே அதற்கு மரியாதையும் கிடைக்கிறது.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பிட்புல் இறக்குமதிக்குத் தடை இருக்கிறது. நம்மில் பலர் இந்த நாயை நேரில் பார்க்காமலே, காணொளியும் தலைப்புச் செய்தியும் தந்த அபிப்பிராயத்தோடு இருக்கிறோம். அதனால்தான் இது இலக்கிய வாசகர்களின் விஷயமும் ஆகிறது. நம்ம கதைகளில் நாய் வந்தால் பெரும்பாலும் நன்றிக்கு வரும், இல்லை அடிபட்டுச் சாக வரும். இன்னதென்று முன்கூட்டியே தெரியாத ஒரு நாயை எழுதுவது கஷ்டம். ஹெர்ன் எழுதியிருக்கிறார். வரலாற்றுக்கு டிக்கியை முதலில் படியுங்கள். அந்த நூல் உங்களை முழுசாக நாயின் பக்கம் இழுத்துவிட்டால், உடனே 'பேண்டிட்'டை எடுங்கள்.