விடியற்காலைச் சத்தமும் அவசரத் தீர்ப்பும்

ஜொகூரின் பாலோவில் காலையில் காரை எடுக்கும்போது கேட்கும் சத்தம், குளுவாங் போய்ச் சேர்வதற்குள் மறைந்துவிடுகிறது. பட்டறை வாசலில் வண்டி நிற்கும்போது எஞ்சின் சூடேறியிருக்கும். ஏர் சஸ்பென்ஷன் காரானால், வண்டியைத் தாங்கும் காற்றுப் பைகளும் நிரம்பியிருக்கும். ஃபோர்மன் பானெட்டைத் திறந்து எவ்வளவு நேரம் காது கொடுத்தாலும் ஒன்றும் கேட்காது. காரின் சொந்தக்காரர் சத்தத்தை வாயால் செய்துகாட்டுகிறார், ஃபோர்மன் ஊகிக்கிறார், ஊகத்தின் பேரில் சாமான் மாற்றப்படுகிறது. மறுநாள் விடியலில் அதே சத்தம் திரும்ப வருகிறது.

சாதாரண காரில் இந்தத் தவறு சில நூறு வெள்ளியோடு போகும். ஏர் சஸ்பென்ஷன் உள்ள காரில் அது ஆயிரக்கணக்கில் போய் நிற்கும். மலேசியாவில் இந்தக் கேள்வி பெரிதாகியிருப்பதற்குக் காரணம் உண்டு. உள்நாட்டில் பொருத்தப்பட்ட ஹைப்ரிட் கார்களுக்குக் கிடைத்த வரிச்சலுகையால், பெக்கான் ஆலையிலிருந்து வந்த மெர்சிடிஸ் எஸ்400 ஹைப்ரிட் போன்ற வண்டிகள் 2010களின் நடுவில் இங்கு கணிசமாக விற்றன. புதிதில் ஐந்து லட்சம் வெள்ளியைத் தாண்டிய அந்தக் கார், இன்று பழைய வண்டிச் சந்தையில் அதன் சிறு பங்கு விலைக்கு வருகிறது. சிறு நகரத்து வியாபாரியும் செம்பனைக் குத்தகைக்காரரும் அதை வாங்க முடிகிறது. ஆனால் காரின் விலை இறங்கிய அளவுக்குச் சாமானின் விலை இறங்கவில்லை. எனவே எதை மாற்றுவது என்ற முடிவு, காரை வாங்கும் முடிவுக்குச் சமமான கனம் உடையது.

அந்த முடிவை எந்தச் சான்றின் மேல் எடுப்பது? சத்தம் எந்த மூலையிலிருந்து வருகிறது, எப்படிப்பட்ட சத்தம், எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்ற மூன்றும் நம் கையில் இருக்கின்றன. பட்டறைகளில் முதல் இரண்டுக்கே மதிப்பு அதிகம். என் கணிப்பில் அந்த வரிசை தலைகீழாக இருக்க வேண்டும்.

முதலில் இடம். ஏர் சஸ்பென்ஷனுக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசர் பல மெர்சிடிஸ் மாடல்களில் முன் பம்பருக்குப் பின்னால், வீலுக்கு முன்பாக ஒரு மூலையில் இருக்கிறது. எஞ்சினின் டைமிங் செயினும் முன்பக்கம்தான். பெல்ட், டென்ஷனர், ஆல்டர்னேட்டர் எல்லாம் முன்பக்கமே. புகையைச் சுத்தப்படுத்தக் குளிர்ந்த எக்ஸாஸ்டுக்குள் காற்றைத் தள்ளும் மின்பம்பு இருக்கும் எஞ்சின்களில் அதுவும் பெரும்பாலும் அங்கேயே. சந்தேகத்துக்குரிய எல்லாமே ஒரு முழத்துக்குள் நிற்கும்போது, ‘முன்னாலிருந்து வருகிறது’ என்ற செய்தியால் எதையும் விலக்க முடியாது. அந்த உலோகக் கூட்டுக்குள் ஒலி எதிரொலித்துத் திசை மாறிக் கேட்பதையும் சேர்த்துக்கொண்டால், இடம் என்ற சான்றுக்கு நான் தரும் மதிப்பெண் மிகக் குறைவு.

அடுத்து, ஒலியின் தன்மை. இது ஓரளவு உதவும். தேய்ந்த கம்ப்ரசர் உறுமும்; தளர்ந்த செயின் சடசடக்கும்; ஈரம் பட்ட பெல்ட் கீச்சிடும். சிக்கல் என்னவென்றால், கம்ப்ரசரைத் தாங்கும் ரப்பர் புஷ்கள் கெட்டுப்போனால் அதுவும் உலோகத்தில் மோதிச் சடசடக்கும். ஒரே ஒலிக்கு இரண்டு காரணம் இருக்கும் இடத்தில் ஒலியை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது.

மிஞ்சுவது நேரம். இதில்தான் சந்தேகங்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிகின்றன. ஸ்டார்ட் ஆன முதல் இரண்டு மூன்று நொடிகளில் மட்டும் சடசடத்து நின்றுவிடும் சத்தம் செயின் பக்கம் கைகாட்டுகிறது. எஸ்400 ஹைப்ரிடில் உள்ள எம்276 வகை வி6 எஞ்சினுக்கு இது நன்கு அறியப்பட்ட நோய். செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர்கள் எண்ணெய் அழுத்தத்தால் வேலை செய்பவை. வண்டி இரவெல்லாம் நிற்கும்போது அந்த எண்ணெய் கீழே வடிந்துவிடுகிறது. காலையில் அழுத்தம் மீண்டும் ஏறும்வரை செயின் தளர்ந்து ஆடுகிறது. எண்ணெய் திரும்பி வடியாமல் தடுக்கும் சிறு வால்வுகளையும் புதிய டென்ஷனர்களையும் போடுவதே இதற்கு வழக்கமான மருத்துவம்.

அரை நிமிடம் முதல் இரண்டு நிமிடம் வரை ஒரே சுருதியில் நீளும் உறுமல், பெரும்பாலும் கம்ப்ரசருடையது. இரவில் இறங்கிப்போன காரை அது தூக்கிக்கொண்டிருக்கிறது. ஒரு நிமிடத்தை ஒட்டி ஓடி, வேக்குவம் கிளீனர் போல் இரைந்து, சட்டென்று நிற்பது எக்ஸாஸ்ட் காற்றுப் பம்பு. அதன் இரைச்சல் முன்பைவிடக் கூடாதவரை அது இயல்பே. எஞ்சின் சூடேறச் சூடேற மெல்ல மறையும் டிக் டிக், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் கசிவைக் காட்டும். உலோகம் சூட்டில் விரிந்து இடைவெளியை அடைத்துவிடுகிறது. சூடான பின்னும் சீராகக் கேட்டுக்கொண்டிருக்கும் மெல்லிய டிக் டிக் நேரடி இன்ஜெக்‌ஷன் எஞ்சின்களின் இயல்பான பேச்சு; அதற்குச் செலவழிக்க வேண்டியதில்லை.

நேரத்தை இவ்வளவு நம்புவதால், நேரத்தைத் தவறாகப் பயன்படுத்தும் ஒரு பழைய சோதனையை இங்கே மறுக்க வேண்டியிருக்கிறது. ‘எஞ்சினை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் கழித்து மறுபடி ஸ்டார்ட் செய், சத்தம் வராவிட்டால் எஞ்சினில் கோளாறு இல்லை, சஸ்பென்ஷன்தான்’ என்பார்கள். இந்த வாதம் நிற்காது. பத்து நிமிடத்தில் டென்ஷனரின் எண்ணெய் வடிவதில்லை, ஆகவே செயின் சத்தம் போடாது. அதே பத்து நிமிடத்தில் காற்றும் குறிப்பிடத்தக்க அளவு கசிவதில்லை, ஆகவே கம்ப்ரசரும் ஓடாது. இரண்டு சந்தேகத்துக்கும் ஒரே விடை தரும் சோதனையால் அவற்றுக்கு நடுவே எதையும் தீர்மானிக்க முடியாது.

ஸ்கேன் கருவியையும் இதே கண்டிப்போடு நிறுக்க வேண்டும். இரண்டு நொடிச் செயின் சத்தம் பெரும்பாலும் எந்தப் பிழைக் குறியீட்டையும் (கோடு) பதிவு செய்வதில்லை. கோடு இல்லை என்பதால் கோளாறு இல்லை என்று ஆகாது. மறுபக்கம், கம்ப்ரசர் அளவுக்கு மீறி ஓடியது என்றோ சூடேறியது என்றோ கோடு வந்தால், அது கம்ப்ரசர் பட்ட பாட்டைச் சொல்கிறது. பாடு படுத்தியது யார் என்பதைச் சொல்லவில்லை. காற்றுப் பை கசிந்தால் கம்ப்ரசர் தினமும் கூடுதல் நேரம் ஓடித் தேயும். கசிவை விட்டுவிட்டுக் கம்ப்ரசரை மட்டும் மாற்றினால் புதியதும் அதே வழியில் போகும். ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டு, கம்ப்ரசர் நிற்காமல் ஓடி எரிந்துபோவதும் உண்டு. அதனால்தான் கம்ப்ரசர் மாற்றும்போது ரிலேயையும் மாற்று என்று அனுபவமுள்ளவர்கள் வற்புறுத்துகிறார்கள்.

இதில் நம் ஊர்த் தட்பவெப்பத்தைக் கணக்கில் எடுக்காமல் எழுதப்பட்ட அறிவுரைகள் நமக்குக் குழப்பத்தையே கூட்டுகின்றன. குளிர்நாட்டு விளக்கங்கள் எல்லாம் உறைபனியிலிருந்து தொடங்குகின்றன: எண்ணெய் கெட்டிப்படுகிறது, ரப்பர் விறைக்கிறது, காற்று சுருங்குகிறது. பாலோவின் விடியல் 23, 24 டிகிரி. எஞ்சின் எண்ணெயில் 0டபிள்யூ, 5டபிள்யூ என்ற தரங்களின் ஸ்டார்ட் சோதனை முறையே மைனஸ் 35, மைனஸ் 30 டிகிரியில் செய்யப்படுகிறது. இங்கே காலைச் சத்தத்துக்காக 5டபிள்யூவிலிருந்து 0டபிள்யூவுக்கு மாறுவதில் பெரிய பயன் எதிர்பார்க்க முடியாது. காற்றுச் சுருக்கமும் அப்படியே. பிற்பகல் 33 டிகிரி, விடியல் 23 டிகிரி என்றால், மாறாத எடையின் கீழ் காற்றின் கன அளவு குறைவது சுமார் 3 சதவீதம். பையில் 20 சென்டிமீட்டர் காற்று நிற்கிறது என்று கொண்டால் இறக்கம் 7 மில்லிமீட்டருக்குள் வரும். வீலின் இடத்தில் அளந்தாலும் ஒரு சென்டிமீட்டரை ஒட்டி நிற்கும். ஒரு மூலை மூன்று நான்கு சென்டிமீட்டர் இறங்கியிருந்தால் ‘குளிர்ந்த காற்று’ என்ற சமாதானம் பாலோவில் செல்லாது. அது கசிவு.

இந்த ஊரில் சத்தத்தை வரவழைப்பது குளிர் அல்ல, ஓய்வு. எட்டு மணி நேரம் அசையாமல் நின்றதில் எண்ணெய் வடிந்தது, காற்று கசிந்தது என்பதே மூலம். இன்னொன்று ஈரம். கம்ப்ரசர் உறிஞ்சும் காற்றை உலர்த்தும் டிரையருக்குள் ஈரம் உறிஞ்சும் மணிகள் இருக்கின்றன. வெளியேறும் காற்று அவற்றை ஓரளவு மீண்டும் உலர்த்தும். கசிவால் கம்ப்ரசர் ஓயாமல் ஈரக்காற்றை இழுத்தால் அந்தச் சமநிலை கெடும். நீர் வால்வுகளுக்குள் போய் அரிக்கும். குளிர்நாட்டில் தள்ளிப்போடக்கூடிய கசிவை ஜொகூரில் தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

அப்படியானால் தீர்ப்பைத் தரக்கூடிய சோதனை எது? இரண்டு போதும், இரண்டையும் வீட்டுப் போர்ச்சிலேயே செய்யலாம். முதலாவது, அளவு நாடா. சமதரையில் வண்டியை நிறுத்தி, கார் தன் உயரத்தைச் சரிசெய்து ஓயட்டும் என்று ஒரு மணி நேரம் விட்டு, வீலின் நடுவிலிருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்து எழுத வேண்டும். காலையில் கதவைத் திறக்கும் முன்பே மறுபடி அளக்க வேண்டும். கதவு திறந்ததுமே சில கார்கள் விழித்துக்கொண்டு உயரத்தை மாற்றத் தொடங்கும். அப்புறம் அளந்த அளவுக்கு மதிப்பில்லை. ஒரு மூலை மட்டும் இறங்கியிருந்தால் அந்தப் பையும் அதன் குழாயும் சந்தேகத்துக்குரியவை. சோப்புத் தண்ணீர் தெளித்தால் குமிழி சொல்லிவிடும். இரண்டு மூன்று மூலை சேர்ந்து இறங்கினால், காற்றைப் பைகளுக்குப் பிரித்தனுப்பும் வால்வு பிளாக்கையும் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும்: ஸ்டாண்டு வைக்காத ஏர் சஸ்பென்ஷன் காருக்கு அடியில் கையையோ தலையையோ விடக் கூடாது. அது சொல்லாமல் இறங்கும்.

இரண்டாவது, ஃபியூஸ். கையேட்டைப் பார்த்துக் கம்ப்ரசரின் ஃபியூஸையோ ரிலேயையோ முந்தின இரவே கழற்றி வைத்துவிட்டு, காலையில் கைபேசியில் வீடியோ ஓடவிட்டு ஸ்டார்ட் செய்ய வேண்டும். டாஷ்போர்டில் சஸ்பென்ஷன் எச்சரிக்கை வரும். வண்டியை நகர்த்தாமல் ஒரு நிமிடம் கேட்டு நிறுத்திவிட்டு ஃபியூஸைத் திரும்பப் போட்டுவிடலாம். சத்தம் அப்படியே இருந்தால் கம்ப்ரசருக்கு விடுதலை. எஞ்சின் பக்கம் தேடலாம். சத்தம் இல்லாவிட்டால் அது கம்ப்ரசருடையது. உடனே நாடா தந்த எண்களோடு சேர்த்துப் பார்த்து, அது ஏன் ஓடுகிறது என்று கேட்கலாம். இந்தச் சோதனை மற்றவற்றைவிட வலுவானது ஏன் என்றால், மற்றவை நடப்பதைக் கேட்டு ஊகிக்கின்றன. இது ஒரு காரணத்தை நீக்கிவிட்டு என்ன நடக்கிறது என்று பார்க்கிறது. செலவு ஒரு சல்லிக்காசும் இல்லை.

ஏர் சஸ்பென்ஷனையே கழற்றிவிட்டுச் சுருள் ஸ்பிரிங் போட்டுவிடலாம் என்ற வாதத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். நான்கு பைகளும் முதிர்ந்து, காரின் மதிப்பு ஒரு ஜோடிப் பையின் விலையை ஒட்டி வந்துவிட்டால், தோட்டத்து மண்சாலையில் ஓட்டுபவர் அந்த முடிவுக்கு வருவதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது கசிவுகளை உறுதி செய்த பிறகு எடுக்க வேண்டிய முடிவு. சத்தத்துக்கு மருந்தாக அதைச் செய்தால், செயின் சடசடப்பு அப்படியே இருக்கும். அந்தக் காரை வாங்கியதற்கே காரணமான சொகுசு மட்டும் போய்விடும்.

என் தீர்ப்பு இது. விடியற்காலைச் சத்தத்தில் பார்க்கும் வரிசையில் முதல் சான்று நேரம், அதை உறுதிசெய்ய இரண்டாவது ஃபியூஸ், மூன்றாவது அளவு நாடா. காது காட்டும் திசை கடைசி. நீண்டு உறுமும் சத்தம் பயமுறுத்தினாலும் அது கேடு செய்வது பணத்துக்கு. தள்ளிப்போடாமல், ஆனால் பதறாமல் திட்டமிட்டுக் கசிவைத் தேடலாம். இரண்டு நொடியில் மறையும் சடசடப்பைத்தான் பலரும் பழகிப்போய் விட்டுவிடுகிறார்கள். எஞ்சினுக்குக் கேடு அதில்தான் இருக்கிறது, அதை முதலில் கவனிக்க வேண்டும்.

பட்டறைகளின் மேல் பழி போடுவதும் நியாயமில்லை. சூடான எஞ்சினோடு வரும் காரில், இல்லாத சத்தத்தைக் கண்டுபிடிக்கச் சொல்கிறோம். சாமானுக்குக் காசு தருகிறோம், யோசித்த நேரத்துக்குத் தருவதில்லை. பிறகு சாமான் மாற்றுகிறார்கள் என்று கோபப்படுகிறோம். நான்கு மூலை அளவுகளையும் ஒரு விடியல் வீடியோவையும் ஃபியூஸ் சோதனையின் முடிவையும் கொடுங்கள். அதற்கும் மேல் சந்தேகம் இருந்தால் வண்டியை ஓர் இரவு பட்டறையில் விட்டு, காலையில் முதல் ஸ்டார்ட்டை ஃபோர்மனே கேட்கும்படி செய்து, அந்த நேரத்துக்குக் கூலி கொடுங்கள். தவறாக மாற்றிய ஒரு கம்ப்ரசரின் விலையில் அப்படிப்பட்ட பல இரவுகளுக்குக் கூலி கொடுத்துவிடலாம்.