மர்மப் படமும் நம்பகத்தன்மையும்

மர்மப் படத்தின் விறுவிறுப்பு உண்மையை மறைப்பதனால் மட்டும் பிறப்பதன்று. மறைக்கப்பட்டது நிகழக்கூடியதாயும் இருத்தல் வேண்டும். எஸ். பாலசந்தரின் நெறியாள்கையில் 1954இல் வெளிவந்த, பாடல்களற்ற ‘அந்த நாள்’ இதற்குச் சான்று. 1943இல் ஜப்பானியர் சென்னையில் குண்டுவீசிய சூழலில், வானொலிப் பொறியியலாளன் ராஜன் சுடப்படுகின்றான். கொன்றவர் யார் என்னும் வினா நம்மை இருத்துகின்றது. அவன் ஏன் துரோகியானான் என்னும் வினாவே படத்தை நிலைநிறுத்துகின்றது. புறக்கணிக்கப்பட்ட திறமையின் கசப்பு துரோகத்தை நியாயப்படுத்தாது, விளங்கவைக்கின்றது.

ஈழத்தவர்க்கு இவ்வினா அந்நியமன்று. 2000ஆம் ஆண்டுப் போரில் சாவகச்சேரி நகர் சிதையக் கண்டோர்க்கு வெடியோசை வெறும் திரை உத்தியன்று. ‘துரோகி’ என்ற சொல்லின் பாரத்தையும் அவர்கள் அறிவர். அச்சொல்லோடு நின்றுவிடாது, அதன் சமூகக் காரணத்தை ஆராயும் படமே அவர்களை நம்பவைக்கும்.