கோட்டை என்றொரு சொல்

எங்க ஊர் செஞ்சியில் 'கோட்டைக்குப் போறேன்' என்று ஒரு பொம்பளை சொன்னால், விறகு பொறுக்கப் போகிறாள் அல்லது ஆடு ஓட்டப் போகிறாள் என்று அர்த்தம். எங்க ஆயா அப்படித்தான் சொல்லுவாள். அதையே சென்னையில் ஓர் அரசியல்வாதி சொன்னால் செயின்ட் ஜார்ஜ் கோட்டை, அதாவது நாற்காலி. நெல்லைச் சீமையில் கோட்டை என்பது நெல் அளவை. வைக்கோலில் பொதிந்து கட்டிய விதைநெல்லும் கோட்டைதான். கைக்கு வந்ததைத் தவறவிட்டவன் 'கோட்டை விட்டுட்டான்'. ஒரே சொல், ஆளுக்கொரு அர்த்தம். இதில் தப்பில்லை. யுத்தச் செய்தி எழுதப் பத்திரிகைக்காரர்கள் இந்தச் சொல்லைக் கையில் எடுக்கும்போதுதான் நமக்குச் சந்தேகம் வருகிறது.

1990 ஜூனில் புலிகள் யாழ்ப்பாணக் கோட்டையை முற்றுகையிட்டார்கள். செப்டம்பரில் ராணுவம் அதைவிட்டு வெளியேறியது. அது நிஜக் கோட்டை. போர்த்துக்கீசியர் கட்டி டச்சுக்காரர் பெரிதாக்கியது. மதில் உண்டு, அகழி உண்டு, உள்ளே சிப்பாய் உண்டு. 'கோட்டை வீழ்ந்தது' என்று எழுதினால் அது உள்ளபடியான செய்தி.

2009 ஜனவரி 2-இல் ராணுவம் கிளிநொச்சியைப் பிடித்தது. அப்போதும் 'புலிகளின் கோட்டை வீழ்ந்தது' என்கிற தினுசில்தான் எழுதினார்கள். அங்கே மதில் ஏது, அகழி ஏது? இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் நெல் விளையும் ஊர் அது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாம் உள்ள ஊர். புலிகளின் அலுவலகங்களும் அங்கே இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் ஓர் ஊரைக் கோட்டை என்று சொல்லிவிட்டால், உள்ளே கஞ்சி காய்ச்சுகிறவளும் சிப்பாய் ஆகிவிடுகிறாள். குண்டு போடுகிறவனுக்கு வேலை சுலபம். புலிகளும் சனங்களை வெளியேற விடாமல் மறித்து, இந்த உருவகத்தை நிஜமாக்கினார்கள். கடைசி மாதங்களில் 40,000 பேர் வரை செத்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011-இல் சொன்னது. தலைப்பில் விழுந்தது கோட்டை மட்டும்தான். மனுஷர் யாரும் விழவில்லை.

இது இன்றைய வியாதி அல்ல. எம்.ஏ. வகுப்பில் மனப்பாடம் செய்தோமே: கோட்டையை வளைப்பவன் உழிஞை சூடுவான், காப்பவன் நொச்சி சூடுவான். மதிலுக்கு வெளியே குடிசை போட்டிருப்பவன் எந்தப் பூவைச் சூடுவான்? இலக்கணத்தில் அவனுக்குத் திணை இல்லை.

செஞ்சியையே பாருங்கள். 1677-இல் சிவாஜி பிடித்தார். 1690 முதல் 1698 வரை மொகலாயப் படை வளைத்துக் கிடந்தது. எட்டு வருஷம்! அந்த எட்டு வருஷமும் சுற்றியிருந்த சேரிகள் எதைத் தின்றன? வரலாறு எழுதியவர்களுக்கு அந்தக் கேள்வியே எழவில்லை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரயான் துர்க்கம் என்று மூன்று மலைகளைத்தான் பெருமையாகச் சொல்வார்கள். நாலாவதாக ஒரு சின்ன மலை உண்டு. அதற்குச் சக்கிலி துர்க்கம் என்று பேர். ஒரு சாதியின் பேரைக் கல்லில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். அந்தச் சனங்களின் கதையை மட்டும் எங்கேயும் ஏற்றவில்லை. 2025-இல் மராத்தியரின் ராணுவக் கோட்டைகள் வரிசையில் செஞ்சியும் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிவிட்டது. சந்தோஷம். இனியாவது யாராவது அந்த நாலாவது மலையின் கதையைக் கேட்கட்டும்.

தேர்தல் வந்தால் இதே சொல் நம்ம தெருவுக்கும் வருகிறது. 'இந்தத் தொகுதி இன்ன சாதியின் கோட்டை' என்று கூசாமல் எழுதுகிறார்கள். அந்தத் தொகுதிக்குள் சேரி இல்லையா, சேரிக்கு ஓட்டு இல்லையா? கோட்டை என்று எழுதிய கையோடு நம்மை மதிலுக்கு வெளியே தள்ளியாகிவிட்டது. நாளைக்கு அங்கே நம்ம குடிசை எரிந்தால், 'கோட்டைக்குள் மோதல்' என்று அடுத்த தலைப்பு வரும்.

நாம் கேட்பது பெரிசாக ஒன்றுமில்லை. மதில் இருந்தால் கோட்டை என்று எழுதுங்கள். மனுஷர் இருந்தால் ஊர் என்று எழுதுங்கள், சேரி என்று எழுதுங்கள். எத்தனை பேர் இருந்தார்கள், எத்தனை பேர் செத்தார்கள் என்று எழுதுங்கள். விறகுக்குப் போன எங்க ஆயாவுக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருந்தது.