'படியெடுத்தல் காரணி': சொல்லும் பொருளும்

அறிவியற் கலைச்சொல் ஒன்றை மதிப்பிட இரண்டு அளவுகோல்கள் உண்டு. அது தமிழ் மரபுக்கு ஒத்து வருகிறதா என்பது ஒன்று. பொருளை உள்ளவாறு காட்டுகிறதா என்பது மற்றொன்று. முதலாவதில் நாம் செலுத்தும் கருத்தில் பாதியையேனும் இரண்டாவதில் செலுத்துவதில்லை. நோயெதிர்ப்பைப் பற்றிய கட்டுரைகளில் வழங்கும் 'படியெடுத்தல் காரணி' என்னும் தொடரைச் சான்றாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

இத்தொடர் குறிக்கும் புரதங்களுள் பெயர்பெற்றது 'என்.எப். கப்பா பி'. ரஞ்சன் சென், டேவிட் பால்ட்டிமோர் என்னும் அறிஞர் இருவர் 1986ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இதனைக் கண்டறிந்தனர். எதிர்ப்பொருளின் 'கப்பா' இழைக்குரிய மரபணுவின் ஊக்கப் பகுதியில், பி வகை வெள்ளணுக்களில், இது பற்றி நிற்கக் கண்டமையால் இப்பெயர் பெற்றது. வேறு பல உயிரணுக்களிலும் இஃது உண்டென்பது விரைவில் தெளிவாயிற்று. அமைதிக் காலத்தில் இப்புரதம் உட்கருவுக்கு வெளியே, 'ஐ கப்பா பி' என்னும் மற்றொரு புரதத்தால் கட்டுண்டு கிடக்கும். கிருமி புகுந்த செய்தி எட்டியதும் அக்கட்டு அழிக்கப்படும். விடுபட்ட புரதம் உட்கருவினுட் சென்று, டி.என்.ஏ.யில் ஏறக்குறையப் பத்து எழுத்தளவான தன் இடத்தைப் பற்றி, எதிர்ப்புக்கும் அழற்சிக்கும் வேண்டிய மரபணுக்களை இயக்கும். அவ்வாறு இயங்கும் மரபணுக்களுள் ஒன்று 'ஐ கப்பா பி'யை ஆக்குவது! தன்னைப் பூட்டும் விலங்கைத் தானே செய்விக்கும் காவலன் இது.

இனித் தொடரை நோக்குவோம். 'படியெடுத்தல்' என்பது பொன்னான சொல். ஏடு பார்த்து ஏடெழுதிய மரபில் வந்தவர் நாம். மூல ஏடு பேழையில் இருக்க, அதன் படியே வெளியே செல்லும். உயிரணுவிலும் டி.என்.ஏ. உட்கருவில் இருக்க, ஆர்.என்.ஏ. என்னும் படியே வெளிவருகிறது. பின்னர் நான்கெழுத்து மொழியில் அமைந்த அப்படி, இருபது அமினோ அமிலங்களாலான புரத மொழிக்குப் பெயர்க்கப்படுகிறது. அதனை 'மொழிபெயர்ப்பு' என்பதும் பொருத்தமே. சிலர் படியெடுத்தலை 'நகலாக்கம்' என்பர். வேற்றுச்சொல் என்பதற்காக நாம் அதனை மறுக்கவில்லை. டி.என்.ஏ. தானே இரண்டாகப் பெருகும் வேறொரு நிகழ்ச்சியோடு அது மயங்கும் என்பதே தடை.

குறை 'காரணி'யில் உள்ளது. கணக்குப் பாடத்தில் மாணவன் அறிந்த காரணி, ஓர் எண்ணை மீதியின்றி வகுப்பது. பொதுவழக்கில் காரணி, ஒரு விளைவுக்குக் காரணமாவது. இப்புரதமோ படியெடுப்பதுமில்லை, வகுப்பதுமில்லை. படியெடுக்கும் எழுத்தாளன் ஆர்.என்.ஏ. பாலிமரேசு என்னும் நொதி. எந்த ஏட்டை, எப்போது, எத்தனை படி என்று பணிப்பதே இப்புரதத்தின் தொழில். 'ஏவி' எனலாமோ எனின், படியெடுப்பைத் தடுப்பனவும் இவ்வினத்தில் உள. ஆதலின் அது குறைவுபடும். 'படியெடுப்பு நெறிப்படுத்தி' என்பது இரண்டையும் அடக்கும். வழக்கில் ஊன்றிவிட்ட 'காரணி'யை விடவியலாதெனின், முதன்முறை வருமிடத்திலேனும் இவ்விளக்கம் உடன்வருதல் வேண்டும்.

இதனினும் பெரிய பிழை அடைமொழியில் நேர்கிறது. 'அழற்சியை உண்டாக்கும் தீய புரதம்' என்று எழுதிவிடுகின்றனர். 'காரணி' என்ற சொல்லே இதற்கு இடந்தருகிறது; காரணம் தீதெனின் அதனை ஒழிப்பதே நன்றென எண்ணத் தோன்றுமன்றோ? அடுத்த வரியில் 'மஞ்சள் இதனை ஒழிக்கும்' என்ற முடிவும் வந்துவிடுகிறது. இப்புரதக் குடும்பத்தில் ஐவர். அவருள் 'ரெல் ஏ' என்பது அறவே இல்லாத சுண்டெலிக் கரு பிறக்குமுன் மடிகிறது என 1995இல் காட்டப்பட்டது. இதனை விடுவிக்கும் வழியில் பிறவிக் குறையுடைய குழந்தைகள் கொடிய தொற்றுகளுக்கு ஆளாகின்றனர். மஞ்சளின் குர்க்குமின் ஆய்வுக்கூட உயிரணுக்களில் இப்புரதத்தை அடக்கியதாக 1995இல் கட்டுரை வந்தது உண்மை. ஆயின் குர்க்குமின் குடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது, உடலில் நிலைப்பதுமில்லை. அது மருந்தாகத் தேறவில்லை என்றே 2017இல் வெளிவந்த விரிவான மருந்து வேதியியல் மதிப்பீடு முடிவு கூறிற்று. குழம்பு மஞ்சளை நம்பி மருத்துவரை நாடாதிருப்பவர்க்கு இச்சொற்பிழை உயிர்ப்பிழையாகிறது.

ஜொகூர் பாருவிலும் மூவாரிலும் சிகாமட்டிலும் தமிழ்ப்பள்ளியில் பயிலும் பிள்ளைக்கு, அறிவியலைத் தமிழிற் கற்கும் வாய்ப்பு ஆறாம் ஆண்டோடு முடிகிறது. பின்னர் மலாயிலோ ஆங்கிலத்திலோதான் மேற்பாடம். மலாய்மொழி 'பாக்டர் டிரான்ஸ்கிரிப்சி' என ஒலிபெயர்த்து அமைந்தது. அதிற் பழுதில்லை, தெளிவும் இல்லை. நம் சொல்லோ பொருளைத் தானே சொல்லவல்லது. பள்ளிக்கு வெளியே அப்பிள்ளையும் அதன் பெற்றோரும் அறிவியலைத் தமிழில் அறிய எஞ்சியிருப்பவை இதழ்க் கட்டுரைகளே. ஆதலின் அவற்றைத் திருத்தும் கடமை தமிழாசிரியர்க்கும் உண்டு. சந்திப் பிழை கண்டு சிவப்பு மையிடும் கை, பொருட்பிழைக்கும் இடுவதாகுக.