ஒரே உலையா, தனித்தனிப் பந்தியா?

வழிபாட்டை மக்களின் பண்பாட்டுக்கேற்ப மாற்ற வேண்டும் என்று திருச்சபைகள் பேசத் தொடங்கி அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. எந்த மக்களின் பண்பாடு என்று மட்டும் நாம் கேட்டுவிடக் கூடாது. கேட்டால், ‘கோயிலுக்குள்ள எதுக்குப்பா சாதியக் கொண்டாரீங்க’ என்பார்கள். அது ஏற்கனவே உள்ளேதான் உட்கார்ந்திருக்கிறது, நாம் கொண்டுவரத் தேவையில்லை.

லோயர் கேம்ப்பில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன். பெரியாற்றுத் தண்ணி குழாய்களில் இறங்கி மின்சாரமாகிற இடம். மேலே குமுளி, கீழே கூடலூர், கம்பம். விடியுமுன் ஜீப்புகளில் நெருக்கியடித்துக்கொண்டு நம் பெண்கள் ஏலத்தோட்டங்களுக்கு மலையேறும் பாதை இது. 2011 டிசம்பரில் அணைத் தகராறில் இந்தப் பாதை அடைபட்டபோது கூலி போனது இவர்களுக்குத்தான். தமிழும் மலையாளமும் புழங்கும் இந்த மலையோரத்தில் ‘பல பண்பாட்டுச் சபை’ என்ற புதுச் சொல் கச்சிதமாகப் பொருந்துவதுபோலத் தெரியும். வேதவாசகத்தை இரு மொழியிலும் வாசித்து, தமிழ்ப் பாட்டு ஒண்ணு, மலையாளப் பாட்டு ஒண்ணு பாடிவிட்டால் முடிந்தது. மொழிக்கு மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார். சாதிக்கு யார் கிடைப்பார்?

வரலாற்றைப் பாருங்கள். 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நோபிலி பிராமணத் துறவி போல வாழ்ந்தார். பூணூலும் குடுமியும் கிறிஸ்தவர்களுக்கு ஆகும் என்று 1623இல் போப்பின் அனுமதியும் வந்தது. பிறகு ஒடுக்கப்பட்டவர்களுக்கென்று பண்டாரசாமிகள் தனியாக வந்தார்கள். ஆக, பண்பாட்டுமயமாதலின் முதல் பாடமே ஆளுக்கேற்ற சாமியார் என்பதுதான். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் கர்நாடக இசையில் கீர்த்தனைகளைத் தந்தார். இன்றும் பாடுகிறோம். அதே சாஸ்திரியார்தான், எல்லாச் சாதியையும் சேர்த்து உட்காரவைத்த புதிய மிஷனரிகளை எதிர்த்து 1829இல் எழுதினார். ராகத்தையும் சாதி வரிசையையும் ஒரே கை காப்பாற்றியது.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு 1969இல் இந்தியத் திருப்பலிக்குப் பன்னிரண்டு மாற்றங்கள் ஏற்கப்பட்டன. தரையில் அமர்தல், ஆரத்தி, எண்ணெய் விளக்கு, பஞ்சாங்க நமஸ்காரம், சாமியார் தோளில் சால்வை. இதற்குப் பாடுபட்டவர் அமலோற்பவதாஸ் அடிகள். லத்தீன் போயிற்று, நல்லது. அந்த இடத்தில் வந்தது எது? சேரி தன் நெடுங்காலத்தில் எந்தக் கோயிலுக்குள் நுழைய முடியவில்லையோ, அந்தக் கோயிலின் சடங்கு. ‘இந்தியப் பண்பாடு’ என்ற சொல்லாடலில் நம் மண்சட்டிக்கு இடமில்லை.

இதை உடைத்தவர் பரட்டை என்கிற தியோபிலஸ் அப்பாவு (1940–2005). மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியர், தென்னிந்தியத் திருச்சபை ஆயர். நாட்டுப்புற மெட்டில், பேச்சுத் தமிழில் முழு வழிபாட்டையே அமைத்தார். கடவுளைப் ‘பெத்தவரே’ என்று கூப்பிட்டார். அதில் அப்பனும் உண்டு, ஆத்தாளும் உண்டு. கர்நாடக இசைக்கும் மேல்நாட்டு இசைக்கும் காசும் பயிற்சியும் வேண்டும், நாட்டுப்புறப் பாட்டைப் பாடுகிறவளே மாற்றிப் பாடலாம் என்பது அவர் வாதம். எல்லாவற்றுக்கும் அடியில் ‘ஒரு ஒல’: எல்லாரும் கொண்டுவந்து, ஒரே உலையில் பொங்கி, கூடித் தின்பது. இராப்போசனத்தின் அர்த்தத்தை இவ்வளவு நேராகச் சொன்ன இறையியல் தமிழில் குறைவு. ஸோயி ஷெரினியன் அவரைப் பற்றி 2014இல் ஆங்கிலத்தில் ஒரு நூலே எழுதினார்.

அவரோடும் எனக்கு இரண்டு விவாதம் உண்டு. ஒன்று, ‘கிராமியம்’ என்ற சொல். கிராமம் என்பது ஊரும் சேரியும். கும்மியும் ஊர்க்காரர்களுடையதுதான். அம்பேத்கர் 1948இல் அரசியல் நிர்ணய சபையிலேயே கிராமத்தைப் புனிதமாக்குவதை மறுத்தார். நாட்டுப்புறம் என்றாலே விடுதலை ஆகிவிடாது.

இரண்டு, பறை. ‘சாவுக்கு அடிச்ச மேளத்த விட்டுட்டுத்தாம்பா வேதத்துக்கு வந்தோம், மறுபடி கையில குடுக்குறீங்களே’ என்று நம் பெரியவர்கள் கேட்பதில் நியாயமிருக்கிறது. அடிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தப்பட்ட கருவி அது. அதை எதிர்க்கலாச்சாரமாக எடுப்பதும் அடிக்க மறுப்பதும் இரண்டுமே கலகம்தான். ஆனால் நவம்பரில் தலித் விடுதலை ஞாயிறு அன்று நம் பையன்கள் அடிக்க, மற்றவர்கள் கைதட்டிவிட்டு, அடுத்த வாரம் ஆர்கனுக்குத் திரும்புவது கலகமல்ல, அதுவும் ஊழியமே. பறையை மற்றச் சாதிக்காரர் தோளிலும் மாட்டுங்கள், அப்போது பேசலாம்.

மலைக்கு அந்தப்பக்கம் பொய்கையில் யோகன்னான் (1879–1939) சபைகளுக்குள் இருந்த சாதியைப் பார்த்து வெளியேறினார். பிரத்யட்ச ரட்சா தெய்வ சபையைத் தொடங்கி, அடிமைகளாக விற்கப்பட்ட முன்னோரின் துயரத்தையே வழிபாட்டுப் பாட்டாக்கினார். அவர் கேட்டது புது மெட்டல்ல, இடம்.

ஆகவே வழிபாட்டை மாற்றப் புறப்படும் தோழர்களுக்கு என் அளவுகோல் இதுதான். சமைப்பது யார்? பாத்திரத்தைத் தொடுவது யார்? செத்தால் புதைப்பது ஒரே கல்லறையிலா, சுவருக்கு இந்தப்பக்கமா? தலித்துகள்மீது பாகுபாடு உண்டு என்று இந்தியக் கத்தோலிக்க ஆயர்களே 2016இல் கொள்கை அறிக்கையில் ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்டது போதாது. ஏலக்காட்டிலிருந்து வந்து பெஞ்சியில் உட்கார்கிற பெண் எந்த மொழியில் ஜெபித்தாலும் சரி, அவள் வீட்டு உலையில் வெந்த சோற்றை எல்லாரும் தின்கிற சபைதான் மாறிய சபை.